ஆளுக்கு ஓர் எண்

பெரில் டன்னட் இடது கையின் இரண்டு விரல்களால் கிழவரின் கன்னத் தோலை இழுத்துப் பிடித்துக்கொண்டு, வலது கையால் ரேஸரை மேலிருந்து கீழே இறக்கினாள். வழித்த நுரையைத் தோளில் கிடந்த துண்டில் துடைத்துவிட்டு அடுத்த பட்டைக்குப் போனாள். கிழவரின் பெயர் வால்ட் ஓட்லிங். நாற்பது வருடம் மீன்பிடிக் கப்பலில் போய் வந்தவர். இப்போது மார்ஷ்கேட் முதியோர் இல்லத்தின் ஒன்பதாம் அறையில் இருக்கிறார்.

"மூஞ்சியக் கோணாதீங்க வால்ட். அறுபட்டா என்னைக் குத்தம் சொல்லக்கூடாது."

"ஐஸ்லாந்துக் கடல்லயே போகாத உசுரு, உன் கையில போயிடப் போகுதா?"

"போனா ஒரு படுக்கை காலியாகும். வெளியில வரிசையா காத்துக்கிட்டு இருக்காங்க."

கிழவர் சிரித்தார். சிரித்தால் கன்னம் குழிந்து ரேஸர் தடுமாறும் என்பதால் பெரில் கையைத் தூக்கிக்கொண்டு காத்திருந்தாள்.

சவரம் செய்வது இப்போது அவள் வேலை இல்லை. பதினேழு வயதில் மருத்துவமனை வார்டில் எடுபிடியாகச் சேர்ந்து, பயிற்சி எடுத்து, நாற்பது வருடம் நோயாளிகளைத் தூக்கியும் புரட்டியும் கழுவியும் தோள்பட்டை தேய்ந்துபோனவள். ஐம்பத்தெட்டாவது வயதில் இனித் தூக்கக்கூடாது என்று டாக்டர் சொன்னதும், இல்லத்தின் அலுவலக அறைக்கு மாறினாள். கணினியை அங்கேதான் கற்றாள். ஒரு விரலால் தட்டினாலும் பிழையில்லாமல் தட்டுவாள். இப்போது அறுபத்தெட்டு. அன்றைக்குப் பணியாளர்களில் இரண்டு பேர் காய்ச்சலில் படுத்துவிட்டார்கள், கிழவரோ காலையிலிருந்து தாடியைச் சொறிந்துகொண்டிருந்தார். அதனால் வந்தாள்.

வாசலில் கிரெய்க் தர்கெல் வந்து நின்றான். முப்பத்துநாலு வயது. இல்லத்தை நடத்தும் நிறுவனம் எட்டு மாதத்துக்கு முன் மேலாளராக அனுப்பியவன். கெட்டவன் இல்லை. பயந்தவன்.

"பெரில், ஒரு நிமிஷம் வர முடியுமா?"

"பாதி மூஞ்சியோட இவர விட்டுட்டு வர முடியாது. அங்கேருந்தே சொல்லுங்க."

அவன் குரலைத் தாழ்த்தினான். "ருவிம்போ மராங்கே. அவங்க விசா இன்னியோட முடியுது. தலைமை அலுவலகத்துலேருந்து சிவப்புக் கட்டம் போட்டு அனுப்பியிருக்காங்க. நாளையிலேருந்து அவங்க பேரைப் பட்டியல்லேருந்து எடுத்துடுங்க. ஏழு மணி ஷிஃப்டுக்கு ஏஜென்சில வேற ஆள் சொல்லிட்டேன்."

"அவ புருஷன் ஜனவரியிலேயே நீட்டிப்புக்கு எழுதிட்டான். கோப்புல காகிதம் இருக்கு."

"இணையத்துல இன்னும் பழைய தேதிதான் காட்டுது. உரிமை இல்லாத ஆள வேலைக்கு வெச்சா தலைக்கு எவ்வளவு அபராதம்னு உங்களுக்கே தெரியும். எனக்குத் தூக்கம் வேணும் பெரில்."

"எனக்கு மட்டும் வேணாமா? போங்க, பாத்துட்டு வரேன்."

அவன் போனதும் வால்ட், "அந்தக் கறுப்புப் பொண்ணையா அனுப்பப் போறானுங்க?" என்றார்.

"அவளுக்குப் பேர் இருக்கு."

"என் வாய்க்கு அது வர மாட்டேங்குது. கை மட்டும் நல்ல கை. அவள அனுப்பக்கூடாதுன்னு அந்தப் பயகிட்ட சொல்லு."

"நீங்க வாய மூடுங்க, மீசைக்கு வந்துட்டேன்."

அலுவலக அறையில் ருவிம்போவின் கோப்பைப் பெரில் எடுத்துப் பிரித்தாள். பதினொரு வெளிநாட்டுப் பணியாளர்களுக்குப் பதினொரு கோப்பு. ஒவ்வொன்றிலும் முதல் தாள் இணையத்தில் எடுத்த சரிபார்ப்புப் பக்கம். அதை எடுக்கும் முறையை அவள் அடிபட்டுத்தான் கற்றாள். முதல் வருடம், பணியாளர் தன் கைபேசியில் தன் கணக்கைத் திறந்து நீட்டுவார். பெரில் பார்த்துத் தலையாட்டி, அதையே அச்செடுத்து வைத்துவிடுவாள். தணிக்கைக்கு வந்த பெண் ஆறு கோப்பைத் தள்ளிவைத்து, "இது அவங்க பக்கம். நீங்க பாக்க வேண்டியது முதலாளிக்கான பக்கம். இந்தத் தாளுக்கு நயாபைசா மதிப்பு இல்லை" என்றாள். அன்றிலிருந்து பெரில் யார் கைபேசியையும் பார்ப்பதில்லை. பணியாளர் தரும் 'ஷேர் கோட்' என்ற ஒன்பது எழுத்துக் குறியீட்டையும் பிறந்த தேதியையும் தன் கணினியில் தானே தட்டுவாள். திரையில் படம் வரும். ஆளை எதிரே நிற்க வைத்துப் படத்தையும் முகத்தையும் மாறி மாறிப் பார்ப்பாள். நாற்பது வருடம் முகம் கழுவிவிட்டவள். சிகை அலங்காரம் அவளை ஏமாற்றாது. பிறகுதான் தேதியோடு சேமிப்பாள்.

ஜனவரியில் ருவிம்போ கொடுத்த காகிதம் கோப்பின் கடைசியில் இருந்தது. விண்ணப்பம் கிடைத்தது என்ற சீட்டு. நடுவில் 'குடும்பத்தினர்: ருவிம்போ மராங்கே, மனைவி' என்ற வரி. அந்தப் பெயரைப் பார்த்துத்தான் அன்று கோப்பில் வைத்தாள். இன்று கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் வரியிலிருந்து படித்தாள்.

விண்ணப்பதாரர்: முஃபாரோ மராங்கே. விண்ணப்ப எண் ஒன்று. ஒன்றே ஒன்று.

இன்னொருமுறை படித்தாள். பிறகு கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்து, "பெரில், நீ ஒரு கழுதை" என்றாள் உரக்க.

மூன்றரை மணிக்கு ருவிம்போவின் ஷிஃப்ட் முடிந்தது. கோட்டை மாட்டியபடி வெளியே போனவளைப் பெரில் வழியிலேயே பிடித்து வாசல் பெஞ்சுக்கு அழைத்துப்போனாள். ருவிம்போ ஜிம்பாப்வேக்காரி, முப்பத்தொரு வயது. கணவன் இங்கே மருத்துவமனையில் நர்ஸ். அவன் விசாவோடு ஒட்டிக்கொண்ட விசா இவளுடையது. வயதில் மூத்தவளை வெறும் பெயரால் கூப்பிட அவளுக்கு வாய் வராது. தன் மொழியில் அம்மா என்பதற்கான 'அமாய்' என்றுதான் கூப்பிடுவாள்.

"உக்காரு கண்ணு. உன் நீட்டிப்பு விண்ணப்பத்தோட எண் என்ன?"

"அதான் ஜனவரியிலேயே குடுத்தேனே அமாய்."

"அது உன் புருஷன் எண். உன் எண் எங்க?"

"ரெண்டு பேருக்கும் சேத்துத்தான் போட்டார். குடும்பம்னு ஒரு கேள்வி வந்துச்சாம். என் பேர், பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண் எல்லாத்தையும் எழுதினாராம். என்கிட்டயே கேட்டுத்தான் எழுதினார்."

"எழுதினது சரி. ஆனா ஆளுக்கு ஒரு விண்ணப்பம், ஆளுக்கு ஒரு எண். நான் உள்ள வெச்சிருக்கிற கோப்பெல்லாம் அப்படித்தான் இருக்கு. உன் பேர்ல தனியா ஏதாவது மெயில் வந்துச்சா?"

ருவிம்போ கைபேசியை எடுத்துத் தேடினாள். முதலில் வேகமாக, பிறகு மெதுவாக. கடைசியில் கைபேசியை மடியில் கவிழ்த்தாள்.

"வரலை."

"சரி."

"இன்னிக்கு ராத்திரியோட முடியுது அமாய். நாளைக்கு நான்..." ருவிம்போ கோட்டுப் பொத்தானைப் போட்டாள், கழற்றினாள், மறுபடியும் போட்டாள்.

"அழப் போறியா?"

"இல்ல."

"அழுதாலும் பரவாயில்ல, ஆனா வண்டியில அழு. மணி நாலாகப் போகுது. முடியறதுக்கு முன்னாடி போட்டுட்டா, முடிவு வர்ற வரைக்கும் இப்ப இருக்கிற உரிமை அப்படியே ஓடும். முடிஞ்ச பிறகு போட்டா ஓடாது. வேலையும் போயிடும். பாஸ்போர்ட் எங்க?"

"வீட்டுல. அலமாரி மேல சூட்கேஸ்ல."

"எந்திரி."

கிரெய்க்கிடம் சொல்லிக்கொள்ளவில்லை. அவன் மேசையில் ஒரு சீட்டை மட்டும் வைத்தாள்: 'வெளியே போகிறேன். நாளை ஏழு மணிக்கான அந்த ஏஜென்சி ஆளை உறுதி செய்யாதீர்கள்.'

பெரிலின் சின்னக் காரில் இருவரும் கிளம்பினார்கள். ஹம்பர் ஆற்றின் கழிமுகத்திலிருந்து காற்று வண்டியைப் பக்கவாட்டில் தள்ளியது. ருவிம்போ கணவனை ஏழுமுறை அழைத்தாள். அவன் அறுவை சிகிச்சைக் கூடத்தில் இருந்தான், கைபேசி லாக்கரில்.

"வார்டுக்கு நேரா அடி. தியேட்டர் சிஸ்டரக் கூப்பிடச் சொல்லு."

"வேலை நேரத்துல அப்படிக் கூப்பிடக்கூடாது அமாய். அவர் கோபப்படுவார்."

"கோபப்படட்டும். நல்லதுதான், வேகமா பேசுவான்."

சிஸ்டர் எடுத்தாள். விஷயத்தைக் கேட்டதும், அடுத்த கேஸுக்கு நடுவில் பேசச் சொல்கிறேன் என்றாள்.

ருவிம்போவின் வீடு கடைத்தெருவுக்குப் பின்னால், மாடியில் இரண்டு அறை. சூட்கேஸில் பாஸ்போர்ட் இருந்தது, கூடவே திருமணச் சான்றிதழும். சமையலறை மேசையில் அவளுடைய பழைய மடிக்கணினியைத் திறந்தார்கள். பெரில் கோட்டைக் கழற்றாமலேயே கெட்டிலில் தண்ணீர் ஊற்றினாள்.

"கேளு. இதுல நான் ஒரு வார்த்தைகூடச் சொல்லக்கூடாது. விசா விஷயத்துல ஆலோசனை சொல்ல உரிமம் வேணும். என்கிட்ட இல்ல. எந்தக் கட்டத்துல எதைப் போடறதுன்னு நீதான் முடிவு பண்ணணும். நான் டீ போடுவேன், மணி சொல்லுவேன். அவ்வளவுதான்."

"தெரியலைன்னா?"

"மறுபடியும் படி. கேள்வியிலேயே பாதி பதில் இருக்கும்."

அப்படித்தான் நடந்தது. ருவிம்போ ஒவ்வொரு கேள்வியையும் வாய்விட்டுப் படித்தாள். நிறுத்தினாள். பெரில் முகத்தைப் பார்த்தாள். பெரில் ஜன்னலைப் பார்த்தாள். ருவிம்போ மறுபடியும் படித்து, தானே தட்டினாள். முகவரி, பழைய முகவரி, அதற்கு முந்தைய முகவரி. மூன்றாவது முகவரியின் அஞ்சல் எண் நினைவில்லாமல் பழைய மின்சார ரசீதைத் தேடிக் குப்பைக்கூடை வரைக்கும் போனாள். ஐந்து மணி ஆனது.

ஒரு பக்கத்தில் வந்து அவள் விரல் நின்றது. "அமாய்... 'நீங்கள் எப்போதாவது இனப்படுகொலையில் பங்கெடுத்தது உண்டா?'"

"இதுக்குக்கூட என்னைக் கேக்காத."

"அடுத்தது, 'பயங்கரவாத அமைப்புக்கு ஆதரவு?'"

"எட்டு மணி நேரம் வால்ட் ஓட்லிங்க சமாளிச்சவளுக்கு அதுக்கெல்லாம் எங்க நேரம்?"

ருவிம்போ சிரித்தாள். மதியத்திலிருந்து முதல்முறையாக. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். பெரில் டீயை அவள் பக்கம் நகர்த்தினாள். "குடி. ஆறிப்போனா கழுவுற தண்ணி மாதிரி இருக்கும்."

கணவனின் விண்ணப்ப எண்ணைக் கேட்கும் பக்கம் வந்தது. சீட்டில் இருந்ததைப் போட்டாள். அவன் கணக்கில் பதிந்த மின்னஞ்சல் முகவரியையும் கேட்டது. அவனுக்கு மூன்று முகவரி உண்டு, எதில் போட்டான் என்று அவளுக்குத் தெரியாது. இங்கேதான் எல்லாம் நின்றது. ஊகித்துத் தட்டலாமா என்று ருவிம்போ கேட்டாள். பெரில் வேண்டாம் என்று தலையை மட்டும் ஆட்டினாள். இருவரும் கைபேசியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அந்தக் கால் மணி நேரத்தில் பெரில் சிங்கில் கிடந்த பாத்திரம் முழுவதையும் கழுவி அடுக்கினாள். கை சும்மா இருந்தால் அவளுக்கு வாய் சும்மா இருக்காது. வாயைத் திறந்தால் சொல்லக்கூடாததைச் சொல்லிவிடுவாள்.

பெரிலின் கணவன் கென் பக்கவாதத்தில் விழுந்தபோதும் இப்படித்தான். நாலு வருடம் கட்டிலில் கிடந்தான். வந்தவர்கள் எல்லாம், பாவம் பெரில், எப்படித் தாங்குகிறாய் என்றார்கள். தாங்கவில்லை. காலை ஆறு மணிக்கு முதுகு திருப்பினாள், எட்டுக்குக் கஞ்சி கொடுத்தாள், பத்துக்கு மறுபடியும் முதுகு திருப்பினாள். அடுத்து என்ன என்று ஒரு வேலை இருக்கிறவரை மனிதரால் நடக்க முடியும். அவளுக்குத் தெரிந்த ஒரே சங்கதி அதுதான்.

ஐந்து நாற்பதுக்கு முஃபாரோ அழைத்தான். ருவிம்போ தங்கள் மொழியில் படபடவென்று சொன்னாள். அந்தப் பக்கம் குரல் உயர்ந்தது. அவள் குரலும் உயர்ந்தது. பெரில் ஈரக் கையை நீட்டிக் கைபேசியை வாங்கினாள்.

"முஃபாரோ, நான் பெரில், மார்ஷ்கேட்லேருந்து."

"மேடம், நான் அவ பேரை எழுதினேன்! ஃபார்ம்ல எழுதினேன்! மனைவின்னு கேட்டாங்க, எழுதினேன்!"

"பேரை எழுதினீங்க. அவளுக்கு விண்ணப்பம் எழுதலை. நானும் அந்தப் பேரப் பாத்துட்டுத்தான் கோப்புல வெச்சேன். ஆக நாம ரெண்டு பேருமே முட்டாள். சண்டைய ராத்திரி போட்டுக்கலாம். எந்த மெயில்ல போட்டீங்க?"

அவன் சொன்னான். பெரில் திரும்பச் சொல்லிச் சரிபார்த்தாள்.

"மேடம், அவ வேலை போயிடுமா?"

"நீங்க போனை வெச்சா போகாது."

அதன் பிறகு வேகமாகப் போனது. ருவிம்போ பாஸ்போர்ட் பக்கத்தைக் கைபேசியில் படமெடுத்து ஏற்றினாள், முகத்தையும் படமெடுத்தாள். முதல் படம் இருட்டாக இருக்கிறது என்று திருப்பி அனுப்பியது. பெரில் சமையலறை விளக்கின் கீழ் அவளை நிறுத்தி, பின்னல்களை நெற்றியிலிருந்து ஒதுக்கிவிட்டாள். இரண்டாவது படம் ஏறியது. ருவிம்போ தன் கார்டால் கட்டணத்தைக் கட்டினாள். கடைசிப் பக்கத்தில் பச்சைப் பொத்தான்.

"அழுத்தட்டுமா?"

பெரில் மணியைப் பார்த்து, "ஆறு பன்னிரண்டு" என்றாள்.

ருவிம்போ அழுத்தினாள். சக்கரம் சுற்றியது. பிறகு ஒரு எண் வந்தது. மேலே அவள் பெயர், கீழே அன்றைய தேதி. அடுத்த நிமிடமே மின்னஞ்சலும் வந்தது.

"அத எனக்கு அனுப்பு. இப்பவே. அப்புறம்னு சொல்லாத."

பெரில் அந்தச் சமையலறையிலிருந்தே கிரெய்க்கை அழைத்தாள். அவன் காரில் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தான். வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுப் பேசுங்கள் என்றாள்.

"முடிஞ்சுது கிரெய்க். அவ பேர்ல விண்ணப்பம், இன்னிக்கு ஆறு பன்னிரண்டு. மெயில உங்களுக்கும் அனுப்பிட்டேன். நாளைக்கு ஏழு மணிக்கு அவ வருவா."

"இணையத்துல பாத்தேன் பெரில். இன்னும் இன்னியோட முடியுதுன்னுதான் காட்டுது."

"காட்டும். இப்பத்தானே போட்டிருக்கு. அதுக்காகத்தான் முதலாளிக்கு இருபத்தெட்டு நாள் அவகாசம் குடுத்திருக்காங்க. அதுக்குள்ள அரசாங்கத்தோட சரிபார்ப்புப் பிரிவுக்கு எழுதிக் கேட்டு, ஆமாம்னு பதில் வாங்கி வெச்சுட்டா போதும். வழிகாட்டிப் புத்தகம் உங்க மேசையில, நீலக் கோப்புல இருக்கு. நீங்க வந்த மொதல் நாளே குடுத்தேன்."

"படிச்சேன்..."

"எத்தனாவது பக்கம் வரைக்கும்?"

அவனுக்குப் பின்னால் வண்டிகள் போகும் சத்தம் கேட்டது.

"பெரில், இது தப்பாப் போனா?"

"தப்பான தேதியப் பாத்து உரிமை இருக்கிற ஆள வீட்டுக்கு அனுப்பறதும் தப்புத்தான் தம்பி. அதுக்கும் ஆளு கோர்ட்டுக்குப் போகலாம். ஆறு மணி வரைக்கும் நீங்க சொன்னது சரி. அவகிட்ட காகிதம் இல்ல. இப்ப இருக்கு."

"தலைமை அலுவலகம் கேட்டா?"

"எழுதித் தரேன். சரிபார்த்தது டன்னட். ரெண்டு 'ன்', ரெண்டு 'ட்'. தப்பாப் போனா என் தலை. ஜனவரியில பாக்காம விட்டதும் நான்தான், அதையும் எழுதறேன்."

நீண்ட மூச்சு விட்டான். "அந்த ஏஜென்சிக்காரன் கத்தப் போறான்."

"கத்தட்டும். அவனுக்கு அதுதான் வேலை."

கைபேசியை வைத்ததும் ருவிம்போ எழுந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு கையாலும், முழங்காலை லேசாக மடித்து, ஊரில் பெரியவர்களுக்குச் செய்கிற மாதிரி. பெரில் அதை ஒரு நொடி அனுமதித்தாள்.

"போதும். நிமிரு. நன்றியெல்லாம் பதில் வந்த பிறகு. எதாவது சாப்பிட இருக்கா? மத்தியானம் சாண்ட்விச்ச மேசையிலேயே விட்டுட்டு வந்துட்டேன்."

இருந்தது. ருவிம்போ சோளமாவைக் கிளறிக் களி செய்தாள், கீரையையும் தக்காளியையும் வதக்கினாள். பெரில் முள்கரண்டி கேட்கவில்லை. அவள் உருட்டுவதைப் பார்த்துத் தானும் உருட்டித் தொட்டுத் தின்றாள். உப்பு குறைவு என்றாள். இரண்டாவது முறையும் வாங்கிக்கொண்டாள்.

மறுநாள் காலை ஆறே முக்காலுக்குப் பெரில் தன் மேசையில் இருந்தாள். ருவிம்போ சீருடையோடு வந்து நின்றதும் புதிய குறியீட்டை வாங்கித் தானே தட்டினாள். திரையில் வந்த பழைய படத்தையும் எதிரே நின்ற முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "பின்னல் மாறியிருக்கு. மூக்கு மாறலை. போ, ஒன்பதாம் அறையில மணி அடிக்குது" என்றாள். அந்தப் பக்கத்தைத் தேதியோடு சேமித்தாள். பிறகு சரிபார்ப்புப் பிரிவுக்கான படிவத்தைத் திறந்து, ருவிம்போவின் பெயர், பிறந்த தேதி, வேலை, நேற்றைய எண் எல்லாவற்றையும் ஒற்றை விரலால் தட்டி அனுப்பினாள். அனுப்பியதற்கு வந்த ரசீதை அச்செடுத்துக் கோப்பின் முதல் தாளாக வைத்தாள். பதில் வர ஐந்து வேலைநாள் ஆகும் என்று எழுதியிருந்தது. நாட்காட்டியில் ஐந்தாம் நாளைச் சுற்றிக் கோடு போட்டாள்.

அதன் பிறகு மீதிப் பத்துக் கோப்பையும் கீழே இறக்கினாள். கணவன் விசாவிலோ மனைவி விசாவிலோ ஒட்டிக்கொண்டவர்கள் மூன்று பேர். மூவரின் தேதியையும் ஒரு தாளில் எழுதினாள். முதலில் முடிவது மே மாதம், சலவை அறையில் இருக்கும் சுமன் குருங். நேபாளி. மனைவிதான் விசாக்காரி.

சலவை அறையில் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. சுமன் படுக்கை விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தான்.

"சுமன், நீட்டிப்புக்கு எழுதியாச்சா?"

"ஆச்சு பெரில். என் சம்சாரம் போன வாரமே போட்டுட்டா. எல்லாத்தையும் அவதான் பாத்துப்பா."

"உன் பேர்ல எண் இருக்கா?"

அவன் விரிப்பின் ஒரு முனையைப் பிடித்தபடி யோசித்தான். "என் பேரு அதுல இருக்கு."

பெரில் மறுமுனையைப் பிடித்து மடித்து அவன் கையில் கொடுத்தாள். "அதை வெச்சுட்டு ஆபீசுக்கு வா. உன் சம்சாரத்துக்கும் போன் போடு."